1968-ல் சொன்ன இரண்டு ஆரூடங்கள்

கேள்வி இது: "அறுபதுகளில் இந்தியா பட்டினியால் அழிந்துவிடும் என்று மேல்நாட்டு நிபுணர்கள் எழுதினார்களாமே, உண்மையா? அது ஏன் பலிக்கவில்லை? அதை வைத்து இன்றைக்குச் சொல்லப்படும் ஆரூடங்களை எடைபோட முடியுமா?"

உண்மைதான், எழுதினார்கள். நான் காவிரிப் பாசனப் பகுதியில் பிறந்து வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த ஆரூடம் வந்தபோது எனக்கு ஏழு வயது. அவர்கள் கணக்குப்படி சாக வேண்டிய பிள்ளைகளில் நானும் ஒருவன். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் யார், என்ன சொன்னார்கள் என்று பார்த்துவிடுவோம். 1967-ல் அமெரிக்காவில் வில்லியம் பேடாக், பால் பேடாக் என்ற சகோதரர்கள் ஒரு நூல் எழுதினார்கள். ஒருவர் வேளாண் அறிஞர், மற்றவர் வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை பார்த்தவர். 1975-ல் பெரும் பஞ்சம் வரும், அமெரிக்காவிடம் இருக்கும் தானியம் எல்லோருக்கும் போதாது என்பது அவர்கள் வாதம். போர்க்களத்தில் காயம்பட்டவர்களை மூன்றாகப் பிரிப்பார்கள். வைத்தியம் இல்லாமலே பிழைத்துக்கொள்பவர், வைத்தியம் பார்த்தால் பிழைப்பவர், என்ன செய்தாலும் பிழைக்காதவர். நாடுகளையும் அப்படியே பிரிக்க வேண்டும் என்றார்கள். இந்தியாவை மூன்றாவது வரிசையில் வைத்தார்கள். அதாவது, இந்தியாவுக்குக் கோதுமை அனுப்புவது வீண்.

அடுத்த வருடம், 1968-ல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் எர்லிக் எழுதிய 'மக்கள்தொகை வெடிகுண்டு' வந்தது. அவருடைய ஆராய்ச்சி வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றியது. மனிதகுலத்துக்குச் சோறு போடும் போராட்டம் தோற்றுவிட்டது, எழுபதுகளில் பல பத்துக் கோடிப் பேர் பட்டினியால் சாவார்கள், இனி எந்த அவசரத் திட்டம் போட்டாலும் அதைத் தடுக்க முடியாது என்றுதான் நூலே தொடங்குகிறது. 1980-க்குள் கூடப்போகும் 20 கோடிப் பேருக்கு இந்தியாவால் சோறு போடவே முடியாது என்றும் எழுதினார். நூல் லட்சக்கணக்கில் விற்றது.

அதன் முதல் அத்தியாயத்தில் ஒரு காட்சி வரும். எர்லிக் தன் மனைவியோடும் மகளோடும் ஒரு புழுக்கமான இரவில் டெல்லியில் டாக்சியில் போகிறார். தெருவெல்லாம் ஜனங்கள். சாப்பிடுகிறார்கள், குளிக்கிறார்கள், தூங்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள், பஸ்ஸில் தொங்குகிறார்கள். மக்கள்தொகைப் பெருக்கத்தைப் புத்தியால் முன்பே புரிந்துகொண்டிருந்தேன், மனசால் உணர்ந்தது அந்த இரவில்தான் என்கிறார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன விவரம் நினைவுக்கு வரும். அவர் அங்கே போன காலத்தில் டெல்லியின் மக்கள்தொகை சுமார் 28 லட்சம், பாரிஸின் மக்கள்தொகை சுமார் 80 லட்சம். அவர் அந்த இரவில் பார்த்தது வீட்டுக்குள் இடமில்லாத ஏழ்மை. அதைத் தலைக்கணக்கு என்று எடுத்துக்கொண்டார். ஆரூடம் அந்த டாக்சியிலேயே கோணிக்கொண்டது என்பது என் எண்ணம்.

ஆனாலும் அவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது. 1965, 1966 இரண்டு வருடமும் மழை பொய்த்தது. 1964-65-ல் 8.9 கோடி டன்னாக இருந்த நாட்டின் உணவு தானிய விளைச்சல், அடுத்த வருடம் 7.2 கோடி டன்னுக்கு இறங்கியது. 1966-ல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் கப்பலில் வந்து இறங்கியது. பெரும்பகுதி பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வந்த கோதுமை. கப்பலில் இருந்து இறங்குவது நேராக வாய்க்குப் போகிறது என்று அப்போது சொல்வார்கள். அதிபர் ஜான்சன் மொத்தமாக அனுப்பச் சம்மதிக்காமல், மாதா மாதம் கையைப் பார்த்து நிற்கும்படி கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார். திங்கட்கிழமை இரவு ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கேட்டுக்கொண்டார். 1967 ஏப்ரலில் பீகாரில் பஞ்சம் என்று அரசே அறிவித்தது.

எங்கள் வீட்டில் அந்தக் கோதுமையை என்ன செய்வதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. ரேஷன் கடையில் அரிசி இல்லை, இதுதான் என்று கொடுத்துவிட்டார்கள். நெல் விளையும் ஊர்க்காரி, சப்பாத்திக் கட்டையே பார்த்ததில்லை. உரலில் போட்டு உடைத்து ரவை மாதிரியாக்கிக் கஞ்சி வைத்தாள். நானும் தங்கையும் வெல்லம் இருந்தால் குடிப்போம், இல்லாவிட்டால் அழுவோம். தஞ்சாவூர் ஜில்லாவிலேயே இந்த நிலை என்றால் மற்ற இடங்களை நீங்களே நினைத்துப் பாருங்கள். 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று தி.மு.க. சொன்னது ஏன் அப்படி எடுபட்டது என்பது, அந்த வருடங்களில் அரிசிக்கு வரிசையில் நின்றவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். அண்ணா முதல்வரானதும் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி திட்டத்தைத் தொடங்கினார். மூன்று படி வரவில்லை.

ஆக, 1966-ல் நின்றுகொண்டு முன்னால் பார்த்தால் பஞ்சம்தான் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அப்போது நான் பெரியவனாக இருந்திருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

சரி, அவர்கள் கண்ணில் படாமல் போனது எது? ஒரு பயிரின் தண்டு. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நம் பழைய நெல்லும் கோதுமையும் உயரமானவை, ஆள் மார்பு வரை வளரும். மண்ணில் சத்துக் குறைவாக இருந்த காலத்துக்கு அது பொருத்தம். மாட்டுக்கு வைக்கோல், கூரைக்கு வைக்கோல், எல்லாம் கிடைத்தது. ஆனால் உரத்தை அதிகமாகப் போட்டால் தண்டு இன்னும் நீளும், கதிரும் கனக்கும். அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காற்று மழை அடித்தால் வயல் முழுக்கப் பாய் விரித்தது போல் படுத்துவிடும். சாய்ந்த பயிரை அறுப்பது நரக வேதனை. கதிர் தண்ணீரில் கிடந்து அங்கேயே முளைவிட்டுவிடும். அதனால் உரம் போட்டவன் நஷ்டப்பட்டான், போடாதவன் பிழைத்தான். 'விவசாயி பழமைவாதி, உரம் போட மாட்டேன் என்கிறான்' என்று அன்றைக்கு அதிகாரிகள் குறைப்பட்டுக்கொண்டது தவறு. அவன் கணக்கு சரி. விதைதான் மாற வேண்டியிருந்தது.

ஜப்பானில் நோரின் 10 என்று ஒரு குட்டைக் கோதுமை இருந்தது. அதன் குட்டைக் குணத்தை மெக்சிகோவில் நார்மன் போர்லாக் என்ற அமெரிக்க வேளாண் விஞ்ஞானி மற்ற ரகங்களோடு சேர்த்து, உரம் தின்றாலும் சாயாத கோதுமையை உருவாக்கினார். பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இந்தோனேசியாவின் பேட்டா ரகத்தையும் தைவானின் ஒரு குட்டை ரகத்தையும் சேர்த்து 1966-ல் ஐ.ஆர். 8 நெல்லை வெளியிட்டது. அதே உரத்துக்கு இப்போது விளைச்சல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு.

விதை இருந்தால் மட்டும் போதாது. 1964-ல் சாஸ்திரி அமைச்சரவையில் உணவு, விவசாயத் துறை சி. சுப்பிரமணியம் கைக்கு வந்தது. பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். அந்தத் துறையை அப்போது யாரும் விரும்பி எடுக்க மாட்டார்கள், பலருடைய அரசியல் வாழ்க்கை அதில் முடிந்திருந்தது. விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை, அதை அரசே வாங்க ஒரு அமைப்பு, வெளிநாட்டு விதை, உரம் என்று நான்கையும் ஒன்றாகப் பிடித்தார். அந்நியச் செலாவணி இல்லாத நாட்டில் உரத்துக்கு டாலர் செலவழிப்பதா என்று நிதித்துறை எதிர்த்தது, இது பணக்கார விவசாயிக்குத்தான் உதவும் என்று இடதுசாரிகள் எதிர்த்தார்கள். டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது புதுக் கோதுமையை விதைத்துக் காட்டினார் அவர். 1965 ஜனவரி 14, பொங்கல் நாளன்று, இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அப்போது தலைமையிடம் சென்னை, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர். எங்கள் ஊரிலிருந்து மூட்டை ஏற்றிப்போன அந்த அலுவலகத்தின் வயது எர்லிக்கின் நூலைவிட மூன்று வருடம் கூட. அவர் ஆரூடம் எழுதிக்கொண்டிருந்தபோதே அதைப் பொய்யாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை.

அந்த வேலையும் நூலிழையில்தான் ஓடியது. 1965-ல் மெக்சிகோவிலிருந்து வந்த விதை, லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்துக்குப் போகும் வழியில், அந்த நகரின் வாட்ஸ் பகுதியில் வெடித்த கலவரத்தில் மாட்டிக்கொண்டது. கப்பல் கிளம்பிய பிறகு இந்தியா பாகிஸ்தான் போர். 1966-ல் 18,000 டன் கோதுமை விதையை இந்தியா இறக்குமதி செய்தது. அதுவரை எந்த நாடும் அவ்வளவு விதையை ஒரே தடவையில் வாங்கியதில்லை. இந்த முடிவை எடுத்த சி. சுப்பிரமணியம் 1967 தேர்தலில் தோற்றுப்போனார். பயிர் விளைந்து வந்தபோது பதவியில் அவர் இல்லை.

1968 வசந்தத்தில் பஞ்சாபில் கோதுமை அறுப்பு. வைக்க இடம் போதாமல் பள்ளிக்கூடங்களை மூடி அங்கே தானியத்தைக் கொட்டினார்கள். நாட்டின் கோதுமை விளைச்சல் 1.65 கோடி டன். வறட்சிக்கு முந்தைய நல்ல வருடத்திலேயே 1.23 கோடிதான். ஜூலையில் இந்திரா காந்தி 'கோதுமைப் புரட்சி' தபால்தலையை வெளியிட்டார். அமெரிக்க அதிகாரி வில்லியம் காட் 'பசுமைப் புரட்சி' என்ற சொல்லை முதன்முதலாகச் சொன்னதும் அந்த மார்ச்சில்தான். வெடிகுண்டு நூல் வெளிவந்த அதே வருடம். 1970-71-ல் மொத்த தானியம் 10.8 கோடி டன்னைத் தொட்டது. 1972-ல் மறுபடி வறட்சி வந்தது, கொஞ்சம் வெளியில் வாங்கினோம், பெரும் பஞ்சமாகாமல் கடந்தோம். எர்லிக் குறித்த எழுபதுகள் அப்படியே கழிந்தன.

எங்கள் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல், அதன் பின்னாலேயே ஐ.ஆர். 8. குறுவைக்குக் குட்டை நெல், பின்னாடியே தாளடி என்று இரண்டு போகம் கைக்கு எட்டியது. மேட்டூர் தண்ணீர் வரும்வரை காத்திருக்காமல் நாற்று விட ஃபில்டர் பாயிண்ட் என்ற ஆழமில்லாத குழாய்க் கிணறு, அதற்கு ஆயில் இன்ஜின். அப்பா முதல் வருடம் ஒரே ஒரு மா நிலத்தில்தான் ஐ.ஆர். 8 போட்டார். களத்தில் அளந்தபோது மரக்காலை இறக்கி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அளக்கச் சொன்னார். கணக்குத் தப்பிவிட்டது என்று நினைத்துவிட்டார். சோறு மட்டும் நன்றாக இருக்காது. மோட்டா அரிசி, ஆறினால் விறைத்துக்கொள்ளும். ஆனால் வயிறு நிறைந்தது. வட ஆர்க்காட்டில் ஒரு விவசாயி தன் பிள்ளைக்கு ஐ.ஆர். எட்டு என்றே பெயர் வைத்தார்.

இதோடு நிறுத்தினால் அது முழு உண்மை ஆகாது. அதே 1968, டிசம்பர் 25. நெல் பெருகிக்கொண்டிருந்த அதே கீழத் தஞ்சையில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களில் 44 பேர் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எல்லோரும் தலித்துகள். மரக்கால் கூடினால் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியும் கூடும் என்பதைப் பஞ்சம் வரும் என்றவர்களும் சொல்லவில்லை, புரட்சி வந்தது என்றவர்களும் சொல்லவில்லை.

இப்போது ஒரு வேடிக்கையான உண்மைக்கு வருகிறேன். எர்லிக் பயந்த தலைக்கணக்கு பொய்க்கவில்லை. 1961-ல் 43.9 கோடியாக இருந்த இந்திய மக்கள்தொகை, 1981-ல் 68.3 கோடி. இன்று 140 கோடியைத் தாண்டிவிட்டது. அவர் முடியவே முடியாது என்ற 20 கோடியைப் போல நாலு மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. தானியம் அதைவிட வேகமாகக் கூடியது, அவ்வளவுதான். 2022-23-ல் ஏறக்குறைய 33 கோடி டன். 1965-66-ஐப் போல நாலரை மடங்கு. அதே காலத்தில் மக்கள் மூன்று மடங்கு கூட ஆகவில்லை.

மக்கள்தொகையைக் கணிப்பது ஓரளவு முடிகிற காரியம். 1950-களின் கடைசியில் ஐ.நா. நிபுணர்கள், 2000-ஆம் ஆண்டில் உலக மக்கள்தொகை சுமார் 628 கோடியாக இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். வந்தது சுமார் 610 கோடி. நாற்பது வருடத்துக்கு முன் போட்ட கணக்கு! காரணம் எளிது. இருபது வருடம் கழித்துப் பிள்ளை பெறப்போகிற பெண் இன்றைக்கே பிறந்திருக்கிறாள், அவளை எண்ணிவிடலாம். அவள் எத்தனை பெறுவாள், அவள் புருஷன் என்ன விதைப்பான், ஒரு மந்திரி எந்தக் கோப்பில் கையெழுத்துப் போடுவார் என்பதை எண்ண முடியாது. தலைகளை எண்ணியவரை எர்லிக் பிழை செய்யவில்லை. அந்தத் தலைகள் ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு கை இருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிறப்பு விகிதத்திலும் இதே கதைதான். அறுபதுகளில் ஒரு இந்தியப் பெண் சராசரியாக ஆறு பிள்ளை பெற்றாள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் அது 2.0. தமிழ்நாட்டில் 1.8. எங்கள் ஊர்ச் சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்து 'அளவான குடும்பம், வளமான வாழ்வு' என்று எழுதிய காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே தமிழ்நாட்டில் 2025-ல் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் ஒரு கல்யாண மேடையில் புதுமணத் தம்பதிகள் தாமதிக்காமல் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார், தொகுதி மறுவரையறையில் எம்.பி.க்கள் எண்ணிக்கை குறைந்துவிடும் என்ற கவலையில். 1968-ல் யாராவது இதை எழுதியிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும், பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் பெற்றுக்கொள்வது தானாகக் குறைந்தது. நான் வேலை பார்த்த கிராமங்களில் என் கண்ணால் பார்த்தது இது.

ஆனால் அந்த ஆரூடத்தின் பயம் சும்மா போகவில்லை, அதனால்தான் இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வரும். இந்தியாவில் மூன்று பிள்ளையோ அதற்கு மேலோ பெற்ற ஆண்கள் அத்தனை பேருக்கும் கருத்தடை செய்யும் யோசனை மத்திய அமைச்சர் எஸ். சந்திரசேகரிடம் இருந்தது. அமெரிக்கா ஹெலிகாப்டரும் கருவிகளும் கொடுத்து அதை நடத்த வைத்திருக்க வேண்டும், கட்டாயம்தான், ஆனால் நல்ல காரியத்துக்கான கட்டாயம் என்ற பொருளில் எர்லிக் எழுதினார். எட்டே வருடத்தில், நெருக்கடி நிலைக் காலத்தில், அந்தக் கட்டாயம் நிஜமானது. 1976-77 ஒரே வருடத்தில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள், அதில் பெரும்பகுதி ஆண்களுக்கு. ஹரியானாவில் உத்தாவர் என்ற கிராமத்தைப் போலீஸ் விடியற்காலையில் வளைத்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனது. இதற்கெல்லாம் ஒரு நூல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், நம் ஆட்சியாளர்களின் பொறுப்பு அது. ஆனால் 'இன்னும் சில வருடத்தில் எல்லோரும் சாகப்போகிறோம்' என்று படித்தவர்கள் நம்பிவிட்டால், எந்தக் கொடுமையும் நியாயமாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

எழுபதுகளில் பஞ்சமே வரவில்லையா என்றால், வந்தது. 1974-ல் வங்கதேசத்தில். அரசுக் கணக்கில் சுமார் 27,000 சாவு, ஆராய்ச்சியாளர்கள் சொல்வது அதைப் போலப் பல மடங்கு. எர்லிக் சொன்னது நடந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் அந்த வருடம் வங்கதேசத்தில் தலைக்குக் கிடைத்த தானியம் முன்பின் வருடங்களைவிடக் குறைவில்லை, கூடுதலாகவே இருந்தது என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் காட்டினார். வெள்ளத்தால் கூலி வேலை போனது, அரிசி விலை ஏறியது, கையில் காசில்லாதவன் செத்தான். கியூபாவுக்குச் சணல் விற்றதற்காக அமெரிக்கா உணவுக் கப்பலை நிறுத்தி வைத்ததும் சேர்ந்துகொண்டது. 1943 வங்கப் பஞ்சத்திலும் சுமார் 30 லட்சம் பேர் செத்தது இந்த வகையில்தான்.

இங்கே இன்னொரு பழைய ஆரூடத்தைச் சொல்ல வேண்டும். 1898-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் குரூக்ஸ் என்ற வேதியியலாளர் பேசினார். கோதுமை உண்ணும் நாடுகளில் இன்னும் முப்பது வருடத்தில் பற்றாக்குறை வரும், உரத்துக்கு நம்பியிருக்கும் சிலி நாட்டு வெடியுப்புத் தீர்ந்துவிடும் என்றார். அதோடு நிற்கவில்லை. காற்றில் கொட்டிக் கிடக்கும் நைட்ரஜனை உரமாக்குவது எப்படி என்று வேதியியலாளர்கள் கண்டுபிடித்தாக வேண்டும் என்றார். பதினொரு வருடத்தில் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார், 1913-ல் கார்ல் போஷ் ஜெர்மனியின் ஒப்பாவில் தொழிற்சாலையே கட்டிவிட்டார். இன்று உலகில் ஏறக்குறைய பாதிப் பேரின் சோறு அந்த உரத்தில் விளைகிறது. குரூக்ஸ் சொன்ன பஞ்சம் வரவில்லை, ஆனால் அவர் தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளம் இருக்கிறது, பாலம் கட்டு என்று சொன்னவர் அவர்.

பந்தயம் பற்றியும் பலர் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980-ல் பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமன் எர்லிக்கோடு பந்தயம் கட்டினார். செம்பு, குரோமியம், நிக்கல், தகரம், டங்ஸ்டன் ஐந்தின் விலையும் பத்து வருடத்தில் ஏறுமா, இறங்குமா என்று. 1990-ல் விலை இறங்கியிருந்தது, எர்லிக் 576 டாலருக்குக் காசோலை அனுப்பினார். இதை வைத்து 'வளம் தீரவே தீராது' என்று பேசுவது சரியில்லை. வேறு பல பத்தாண்டுகளில் கட்டியிருந்தால் எர்லிக்தான் ஜெயித்திருப்பார்.

இனி அந்த இரண்டாவது ஆரூடம். 1968 ஜனவரி, வாரணாசியில் இந்திய அறிவியல் மாநாடு. குட்டைக் கோதுமையை இந்திய வயலுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவரான எம்.எஸ். சுவாமிநாதன், கும்பகோணத்துக்காரர், விவசாயப் பிரிவில் தலைமையுரை ஆற்றுகிறார். வெற்றி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்த நேரம். மாலை மரியாதையோடு பேசிவிட்டுப் போயிருக்கலாம். அவர் சொன்னது வேறு. மண்ணின் வளத்தைக் காக்காமல் தீவிர சாகுபடி செய்தால் கடைசியில் பாலைவனம்தான் மிஞ்சும். வடிகால் இல்லாமல் நீர் பாய்ச்சினால் நிலம் உவராகும், களராகும். கண்மண் தெரியாமல் பூச்சிமருந்து அடித்தால் அதன் நஞ்சு தானியத்தில் தங்கும். நிலத்தடி நீரை இஷ்டத்துக்கு உறிஞ்சினால் இந்த அருமையான சொத்து சீக்கிரம் தீர்ந்துவிடும். ஊருக்கு ஊர் இருந்த ரகங்களை விட்டு ஒன்றிரண்டு ரகங்களை மட்டும் எங்கும் போட்டால், ஒரு நோய் வந்து மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகும்.

இன்றைய பஞ்சாபை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் நிலத்துக்குள் ஊறுகிற நீரைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் அங்கே உறிஞ்சி எடுக்கிறார்கள். அதைக் குறைக்க 2009-ல் சட்டம் போட்டு, ஜூன் 10-க்கு முன் நெல் நடவு கூடாது என்றார்கள். நடவு தள்ளிப்போனதால் அறுப்பும் தள்ளிப்போனது, கோதுமை விதைக்க அவகாசமில்லாமல் நெல் தாளைக் கொளுத்தினார்கள், காற்று ஓடாத குளிர்காலத் தொடக்கத்தில் அந்தப் புகை டெல்லியைச் சூழ்ந்தது. சுவாமிநாதன் சொன்ன நீர்ப் பஞ்சம் வந்தது, அதற்குச் செய்த வைத்தியத்தில் அவரும் சொல்லாத நோய் ஒன்று வந்தது. இன்னொன்றும் யார் கணக்கிலும் இல்லை. நெல்லும் கோதுமையும் நல்ல நிலத்தையெல்லாம் பிடித்துக்கொள்ள, பருப்பு மானாவாரிக்குத் தள்ளப்பட்டது. 1961-ல் தலைக்கு ஒரு நாளைக்கு 69 கிராம் பருப்பு கிடைத்தது, 2000-ல் சுமார் 32 கிராம். வயிறு நிறைகிறது, ஆனாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 35.5 சதவீதம் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமல் இருக்கிறார்கள் என்று அதே 2019-21 கணக்கெடுப்பு சொல்கிறது. பட்டினிச் சாவைப் பற்றி ஆரூடம் சொன்னவர்களும் அதை மறுத்தவர்களும் மூட்டையைத்தான் எண்ணினார்கள், தட்டைப் பார்க்கவில்லை.

ஒரே வருடத்தில் இரண்டு பேர் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் 'என்ன செய்தாலும் இது நடக்கும்' என்றார். இன்னொருவர் 'இப்படிச் செய்தால் இது நடக்கும்' என்றார். முதலாமவர் பேச்சு உலகம் முழுக்க ஒலித்தது, இரண்டாமவர் பேச்சு மாநாட்டுத் தொகுப்பில் தூங்கியது. நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. இன்றைக்கு ஒரு ஆரூடம் கண்ணில் பட்டால் நான் முதலில் தேடுவது அந்த 'செய்தால்' என்ற சொல்லைத்தான். அது இருந்தால் மேலே படிப்பேன், யார் எதைச் செய்ய வேண்டும் என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய பெயர் கீழே இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அப்புறம், சொல்பவர் எதை எண்ணுகிறார் என்று பார்ப்பேன். ஐ.நா. இப்போது இந்திய மக்கள்தொகை 2060-களில் சுமார் 170 கோடியில் உச்சம் தொட்டு இறங்கும் என்கிறது. இது தலைக்கணக்கு, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொருட்படுத்துவேன். அந்த 170 கோடிப் பேர் என்ன சாப்பிடுவார்கள் என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அதை அவருடைய பயம் அல்லது ஆசை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

சுவாமிநாதன் 2023 செப்டம்பரில் சென்னையில் காலமானார், வயது 98. அவர் சொன்னதில் நிலத்தடி நீர்த் தட்டுப்பாடு எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. 1970-ல் அப்பா இறக்கிய ஃபில்டர் பாயிண்ட் முப்பது அடி. அண்ணன் மகன் மூன்று வருடத்துக்கு முன் போட்ட போர் இருநூறு அடியைத் தாண்டியது, அதிலும் கோடையில் தண்ணீர் கரிக்கிறது. போன தை மாதம் போயிருந்தேன். கோடை நெல் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தான். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்கு நடுவிலேயே, வயலில் மிச்சமிருந்த ஈரத்தை நம்பி உளுந்தை வீசி விதைத்துக்கொண்டிருந்தான். பம்ப் செட்டு கொட்டகையைப் பூட்டி வைத்திருந்தான்.